நான்கு ஓட்டைப் பொத்தான்

வெள்ளவத்தைச் சலூனில் நகம் ஒட்டிய கை இது.
மணப்பெண்களின் பத்து விரலுக்கும்
குறுநொய் அளவு மினுக்கங்களைக்
கிடுக்கியால் தூக்கி வைத்த கை.
மூன்று வாரத்தில் வளர்ந்து, உடைந்து,
கறிச்சட்டிக்குள் விழுந்துவிடும் வேலை.

இப்போது கொம்பனித்தெருவில்
ஃபர்ஸானின் மாடியறை.
மூங்கிலை ஆறு கீற்றாய்ச் சீவி ஒட்டி
நூல் சுற்றி வளையம் கட்டுவான்.
தடி அவனுடையது.
பிடிக்கு மேலே
நான்கு அங்குலக் கித்துள் கட்டை மட்டும் என்னுடையது.

சிப்பி வாங்குவது புறக்கோட்டையில்,
இரண்டாம் குறுக்குத்தெருப் பொத்தான் கடையில்.
பல்லில் வைத்துப் பார்ப்பேன்.
அசல் என்றால் குளிரும், கொஞ்சம் அரமாய் உரசும்.
"அக்கா, கடிச்சதெல்லாம் வாங்கவேணும்."
வாங்குவேன்.

தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் தேய்ப்பது.
உலரத் தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் குடியிருக்கும்.
நனைந்த உப்புத்தாளில் வட்டம் வட்டமாய்,
பொத்தான் மெலிந்து
மறுபக்கத்து விரல் நிழலாய்த் தெரியும்வரை.
பிறகு மயிரிழை வாள்.
நான்கு ஓட்டையில் ஒன்றைக் கண்ணாக விட்டு
மற்ற மூன்றையும் வெட்டி எறிந்தால்
ஒரு மீன்.
ஆசைப்பட்டு இரண்டு எடுக்கப் பார்த்ததில்
ஜாம் போத்தல் நிறையக் குருட்டு மீன்கள்.

டொக்டர் பத்மாகரன், பல் வைத்தியர்,
நுனியிலிருந்து அடிவரை மீன் கேட்டார்.
பணம் பிரச்சினை இல்லையாம்.
தடியைக் கையில் கொடுத்து
வளைத்துப் பாருங்கள் என்றேன்.
வில்லாய் வந்தது.
"இதிலே சிப்பி நிற்குமா?"
கொஞ்ச நேரம் வளைத்தபடியே இருந்தார்.
"நிற்காது. பல்லின் கழுத்தில் நான் அடைக்கிறதும்
இப்படித்தான் கழன்று வரும்."
அடுத்த முறை
தேய்ந்த துளையூசிகள் ஒரு டப்பா கொண்டுவந்தார்,
கித்துளில் பள்ளம் தோண்ட.
எத்தனை வாய்க்குள் போய்வந்தவையோ,
இரண்டு தரம் அவித்துத்தான் தொட்டேன்.

ஏழு மீன் பதித்து, எபொக்சி பூசி,
தடியைச் சுழல்பொறியில் ஏற்றிய இரவு
கரண்ட் போனது.
நின்றால் பூச்சு ஒரு பக்கம் இறங்கி
மீன்களுக்குத் தொப்பை விழும்.
அந்த நுனியில் ஃபர்ஸான், இந்த அடியில் நான்,
கையால் உருட்டினோம்.
பத்து எண்ண ஒரு சுற்று.
ரோர்ச் அவன் வாயில், ஆகவே எண்ணுவது நான்.
தூசிக்குப் பயந்து யன்னல்கள் சாத்தியிருந்தும்
பேரை வாவியின் நாற்றம் எப்படியோ வந்து
எங்களோடு உட்கார்ந்தது.
சரக்கு ரயில் ஒன்று போனபோது
தடி, கட்டடம், என் ஏழு, எட்டு, ஒன்பது
எல்லாம் சேர்ந்து நடுங்கின.
நாலு மணிக்குத்தான் பூச்சு விரலை விட்டது.

வெளிச்சம் வந்து பார்த்தால்,
மூன்றாம் மீனின் வாய்க்கு நேரே
ஓர் எறும்பு.
ஆறு காலும் விரித்து, கண்ணாடிக்குள்.
சுரண்டி எடுக்கலாம்.
மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஓர் இரவு.
ஃபர்ஸான் என்னைப் பார்த்தான்.
நான் கழுவாத கிண்ணத்தைப் பார்த்தேன்.

பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டி
டொக்டர் ஒவ்வொன்றாய் எண்ணினார்.
மூன்றில் நின்றார்.
"இது?"
"இரை."
"அதற்கும் காசா?"
"இல்லை. அது கரண்ட் போனதில் கிடைத்தது."

போன ஞாயிறு ஒரு படம் அனுப்பியிருந்தார்,
முகத்துவாரத்துக் கல்லணையிலிருந்து.
கெளுத்தி. பாதிதான் விழுந்திருந்தது,
மீசையும் ஒரு கண்ணும்.
கித்துள் முழுக்கச் சளி.
எறும்பு இருக்கிற இடத்தில் அவருடைய பெருவிரல்.
எனக்குப் பழைய கண்,
படத்தைப் பெரிதாக்கி நகத்தைத்தான் பார்த்தேன்.
ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.
பல் வைத்தியர்,
நகம் கடிக்கிறார்.