கடைசி அட்டையின் உள்பக்கம்

முக்கூடல் கிளை நூலகத்தில்
என் நாவல் இருக்கிறதா என்று
யாரோ எழுதியதைக் கேட்பதுபோல் கேட்டேன்.
"சிறுவர் அலமாரில பாருங்க சார்,
இருந்தா இருக்கும்" என்றார் சேர்மக்கனி.
தேதி முத்திரைக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

இருந்தது.
முதுகில் பழுப்பு நாடா,
ஆதிராவின் முகத்துக்கு மீசை.
பின்னால் ஒட்டிய தாளில் இருபத்தியொரு தேதிகள்.
என் பதிப்பாளர்கூட இத்தனை முறை
அதைத் திறந்திருக்க மாட்டார்.

அட்டையின் உள்பக்கம்
எள் போட இடமில்லாமல் பென்சில் எழுத்து.
பேர் போடவில்லை ஒருத்தரும்.
வகுப்பும் வரிசை எண்ணும் மட்டும்.

'முதல் பாதி சூப்பர். பொறவு ஒரே அறிவுரை.' 8-ஆ, 14.
'பன்னிரண்டாம் அதிகாரம்
எங்க கணக்கு சார் பேசுத மாதிரியே இருக்கு.' 9-அ, 6.
'ஆத்தைப் பத்தி நாலு பக்கம்.
ஆத்துல குளிச்சவர் எழுதுனதாத் தெரியல.'
இதற்கு எண் இல்லை.
(வாஸ்தவம். எனக்கு நீச்சல் தெரியாது.
பாபநாசத்தில்கூட
படியில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொள்கிறவன்.)

பிறகு, கொஞ்சம் பெரிய எழுத்தில்,
பென்சில் முனை தாளில் பதிய:
'நாயைக் கொன்னுதான் எங்கள அழ வைக்கணுமா?
எங்களுக்கு அழத் தெரியும்.'

விமர்சகர்கள் இருவர்
அந்த நாயின் சாவைப் பாராட்டியிருந்தார்கள்.
ஒருவர் 'முதிர்ச்சி' என்றார்.
நான் அதை வெட்டி வைத்திருக்கிறேன், பீரோவில்.

அறுபத்து நாலாம் பக்கத்தில்
அடையாளத்துக்கு ஓர் இலை.
தகரம் வைத்து அளவாய் வெட்டிய பீடி இலை.
ஓரத்தில் எறும்பளவு எழுத்து:
'ஆதிரா காலைல எந்திச்சா நேரா மலைக்குப் போறா.
தண்ணி யார் புடிச்சா?
சுளகை யார் முடிச்சா?' 9-ஆ, 31.

அதற்குக் கீழே நீல மையில்:
'ஏட்டி, அது கதை.
கதையில தண்ணி தானா வந்துரும்.'

அதற்கும் கீழே, வேறு கை,
எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து:
'அதுக்காகத்தான் நான் படிக்கேன்.
அதையும் கெடுத்துராதீக.'

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது.
முப்பத்தொன்று சொல்வது சரி என்று நினைத்தேன்.
சாய்ந்த எழுத்துக்காரி சொல்வதும் சரி.
இரண்டும் எப்படிச் சரியாகும் என்று
எழுதியவன் நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

பைக்குள் பேனா இருந்தது.
ஒரு வரி, ஒரே ஒரு வரி
பதில் எழுதலாம் என்று மூடியைக் கழற்றினேன்.
"புக்குல எழுதக் கூடாது சார்"
என்றார் சேர்மக்கனி, தலை நிமிராமலே.
"பிள்ளைகளே பாடாப் படுத்துது,
நீங்களுமா?
லீவு விட்டதும் ரப்பர் வச்சு
அம்புட்டையும் அழிக்கணும்."

அழிக்காதீர்கள் என்றேன்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.
வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றேன்.
உறுப்பினர் அட்டை கேட்டார்.
இல்லை.
நான்தான் எழுதியது என்று சொல்ல
வாய்வரை வந்தது.
அட்டையில் இருந்த மீசையைப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

எல்லாவற்றையும் நின்றபடியே
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
இடம் போதாமல்
உள்ளங்கையில் கொஞ்சம்.
இலையை அறுபத்து நாலிலேயே வைத்தேன்.

திருநெல்வேலிக்குத் திரும்பும் பஸ்ஸில்
உள்ளங்கை எழுத்து வேர்வையில் கலங்கியது.
'எங்களுக்கு' மட்டும் தெரிந்தது.

இப்போது புதிய நாவல், முதல் அதிகாரம்.
விடியக்காலை நாலரை.
தெருக்குழாயில் காற்று இரைகிறது.
ஒருத்தி குடத்தோடு நிற்கிறாள்.
அவளை மலைக்கு அனுப்பவும் வேண்டும்,
குடமும் நிறைய வேண்டும்.
பதினோரு நாளாய் அங்கேயே நிற்கிறாள்.

அவள் காலடியில் ஒரு நாய்.
நான் கூப்பிடவில்லை, தானாக வந்து படுத்தது.
இதற்கு முன்பென்றால்
இந்நேரம் அதன் சாவுக்கு
நாள் குறித்திருப்பேன்.

காதைச் சொறிகிறது.
சொறியட்டும்.