கொள்ளளவு

கொச்சியிலிருந்து லாரியில் வரும்போது
அதன் பெயர் செயின்ட் அன்னா.
பதினாலாவது கொண்டை ஊசியில் மூக்கு பாறையில் மோத
மூன்று மணி நேரம் மலைப்பாதையே நின்றது.
பின்னால் நின்ற பஸ்ஸில் நான்,
வேலைக்கு முதல் நாள்,
மடியில் புளிச்சோற்று டப்பா.
இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன்.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
ஒரு கப்பல்.
அதன் வாலில் இரண்டு குரங்குகள்.

கப்பல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.
முப்பத்தெட்டு அடி, ஃபைபர் உடம்பு.
துறைமுக வாய்வரை போய்
சூரியன் மூழ்குவதைக் காட்டிவிட்டுத் திரும்புமாம்.
ஏற்காட்டு ஏரியை அது ஒன்பது நிமிடத்தில் சுற்றிவிட்டது.
சடையன்தான் வேகத்தைக் குறைத்துப்
பதினைந்தாக்கினான்.
"குடுத்த காசுக்குக் கொஞ்சமாச்சும்
போக வேணாமா?"

டெஸ்மண்ட் பின்டோ காலத்தில்
கொள்ளளவு பன்னிரண்டு.
மெத்தை இருக்கை, பீங்கான் கோப்பையில்
அவர் தோட்டத்துக் காப்பி.
மிளகு விலை விழுந்த வருடம்
கோப்பைகள் முதலில் போயின.

செவ்வாய்ப்பேட்டை இரும்பு மண்டி அத்தியப்பன் வாங்கினார்.
பெயர் சேர்வராயன்.
நசுக்கச் சக்கரம் இல்லாததால்
எலுமிச்சம்பழத்தைச் செருப்புக்காலால் மிதித்தார்கள்.
மெத்தையைப் பிடுங்கி ஸ்டீல் பெஞ்சு.
கொள்ளளவு பதினெட்டு.
பனிக்காலத்தில் அதில் உட்கார்ந்த யாரும்
இரண்டாம் முறை டிக்கெட் கேட்டதில்லை.

பிறகு துளசிராமும் ஹபீபுல்லாவும், பாதிப் பாதி.
ஜாலி ராணி.
நான்கு ஸ்பீக்கர், நீலத்தில் விளக்குச் சரம்,
இருபத்தாறு பேர், மிதவைச் சட்டை ஒன்பது.
எண்ணை மாற்றி எழுதியது நான்தான்.
பழைய எட்டை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன்.
சம்பளம் அந்த மாதம் நூறு ரூபாய் கூடியிருந்தது.

மே மாதம், மலர்க்காட்சி ஞாயிறு.
முப்பத்துமூன்று கிழித்த பிறகு
கவுன்டர் கதவைச் சாத்திவிட்டேன்.
வெளியே தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
கரைக்கு நாற்பது அடி இருக்கையில்
ஒரு பக்கத்துக்காரர்கள் எல்லோரும்
மான் பூங்காவைப் பார்க்க எழுந்தார்கள்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒரு குழந்தையின் செருப்பு மட்டும்
மாலைவரை ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தது,
யாரும் கட்டணம் கேட்காமல்.

அபராதம். அதன்பின் கூட்டாளிகளுக்குள் சண்டை.
பாகப்பிரிவினையில்
எஞ்சின் ஹபீபுல்லாவுக்கு,
உடல் துளசிராமுக்கு.
ஏழு மாதம் எஞ்சின் இல்லாமல் கட்டிக் கிடந்தது.
ஏறி நின்று படம் எடுக்கப் பத்து ரூபாய்.
பத்து ரூபாய்க்கும் டிக்கெட் கிழித்தேன்,
புறப்படும் நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டு.
சடையன் காப்பி பறிக்கப் போய்விட்டான்.

கடைசியில் வந்தவர்
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்.
கப்பலைச் சுற்றி வந்து ஒரு கேள்விதான் கேட்டார்.
"எத்தனை லிட்டர் புடிக்கும்?"
எனக்குத் தெரியவில்லை.
பத்தொன்பது வருடத்தில்
அதை லிட்டரில் யாரும் கேட்டதில்லை.

நேற்று அவரிடமிருந்து போன்.
"மரவள்ளிப் பால் தெளிய விட்டிருக்கோம்மா,
எங்கியோ ஒழுகுது, புடிபட மாட்டேங்குது.
ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.
மூக்குக்குக் கீழே வலப்பக்கம், ஒரு சாண் இறங்கி.
பதினாலாவது வளைவில் பட்டது.
மழைக்காலம் வந்தால் சடையன்
குங்கிலியம் காய்ச்சி அப்புவான்.

"உள்ளருந்து அடைக்கணுமா,
வெளியிலருந்தா?"

நாங்கள் அடைத்ததெல்லாம்
ஏரி உள்ளே வராமலிருக்க.
போனைக் காதில் வைத்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
அந்தப் பக்கம்
சொட்டுவது கேட்டது.