பெகு பாக்கி

கீழே டீக்கடை டிவியில் ஒருவர்
இன்றோடு ஒரு யுகம் முடிந்தது என்கிறார்.
போன மாதமும் அவர்தான் முடித்துவைத்தார்.
கோட்டு மட்டும் வேறு.

நான் பள்ளத்தூர் வீட்டுப் பேரேடுகளோடு
காரைக்குடி ஆபீஸில்.
இருபத்துமூன்று பங்காளிகள், ஒரு வழக்கு.
"வரவேண்டியது ஏதும் பாக்கியிருந்தா
பட்டியல் போட்டுடுங்க" என்று
சிங்கப்பூரிலிருந்து சிகப்பி ஆச்சியின் குரல்செய்தி.

முதலில் எல்லோரும் தேடுகிற தேதிகளைத்தான் தேடினேன்.
ஆசை.
விஷு வருஷம், மார்கழி.
ரங்கூனில் குண்டு விழுந்த வாரம்.
ஏட்டில்: பிள்ளையார் நோன்புக்கு
பச்சரிசி மாவு, நெய், இழை நூல்.
சர்வசித்து, ஆடி முப்பது.
நள்ளிரவில் நாடு விடிந்த நாள்.
அன்று கடைசி ஆடி வெள்ளி போலிருக்கிறது.
மாவிளக்குக்கு வெல்லம். வண்டிமாட்டுக்கு லாடம்.
லாடம் அடித்தவனுக்குக் காலணா கூடுதல்.
ஏனென்று எழுதவில்லை.
சுதந்திரத்துக்காக என்று நம்ப எனக்கு விருப்பம்.
மாடு உதைத்ததற்காகவும் இருக்கலாம்.

சேதி எட்டவில்லை என்று சொல்ல முடியாது.
அரக்கான் வழியே நடந்தே வந்தவர்கள்
இந்த வாசலுக்கும் வந்திருக்கிறார்கள்.
மாசியில் ஒரு வரி:
வந்தவர்களுக்குக் கஞ்சி, அரிசி படி நாலு.
அவ்வளவுதான். அடுத்து விளக்கெண்ணெய்.

பத்து வருஷம் பின்னால் புரட்டினால்,
பிரஜோற்பத்தியில்,
எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடாத
ஒரு பங்குனியில்
ஒரு சொல் மாறுகிறது.
அதுவரை வட்டி என்று வந்த இடத்தில்
வயல்.
நெல் விலை விழுந்து, கொடுக்க ஒன்றுமில்லாமல்
கடன்பட்டவன் நிலத்தைக் கொடுத்திருக்கிறான்.
பெகு வயல், ஏக்கர் இருநூற்றுப் பன்னிரண்டு.
ரொக்கத்தோடு கப்பல் ஏறலாம்.
வயலை எப்படித் தூக்குவது?
கொடுத்தவனுக்கும் அன்று ஏதோ ஒரு காலம் முடிந்திருக்கும்.
அவன் பெயர் பாதிதான் இருக்கிறது, மவுங் என்று.
மீதி பூச்சிக்கு.

இங்கேதான் திரும்பியது என்று
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
அழித்தேன்.
முந்தின வருஷமே கையெழுத்து நடுங்குகிறது.

பிறகு குரோதி.
பர்மாவில் கடைகள் சர்க்காருக்கு,
நூறு கியாட் நோட்டு செல்லாது.
ஏடு அசரவில்லை.
முன்பக்கப் பாக்கி: பெகு.
அடுத்த சித்திரை: பெகு.
கணக்கப்பிள்ளை போய், வேறு ஆள், வேறு மை:
பெகு.
போய்விட்ட வயலைப் பதினோரு சித்திரைக்குச்
சுமந்து வந்திருக்கிறார்கள்,
பக்கத்திலிருந்து பக்கத்துக்கு,
ஒரு ஏக்கர் குறையாமல்.

நள வருஷத்தில் அது இல்லை.
அடித்தல் கிடையாது. தள்ளுபடி என்றும் இல்லை.
பிள்ளையார் சுழி, அதன் கீழே
உப்பு. புளி. கரண்ட் பில்.
அப்போது நாட்டில் நெருக்கடி நிலை.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
யாரோ ஒருவர் பேனாவை எடுத்து
ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கிறார்.
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா,
மறந்தாரா, போதும் என்று நினைத்தாரா,
அந்த அறையில் மின்விசிறி ஓடியதா
என்றுகூடத் தெரியாது.

இப்போதும் குரோதிதான் நடக்கிறது.
அறுபது கழித்து வருஷத்தின் பெயர் திரும்பி வந்துவிட்டது,
தனியாக.
வரவேண்டியது என்ற தலைப்பின் கீழ்
பெகு என்று தட்டிவிட்டேன்.
தொகைக் கட்டத்தில் கர்சர் மின்னுகிறது.
ஆச்சிக்கு என்ன போட?

கீழே யுகம் விளம்பர இடைவேளைக்குப் போயிருக்கிறது.
கிளாஸ் எடுக்க வந்த பையன்
"அக்கா, போன வாரப் பாக்கி நாற்பத்தெட்டு" என்றான்.
இன்றைய ரெண்டு டீயையும்
அதோடு சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.