முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

எட்டுத் தொட்டி வேணும் என்றார் கஜபதி.
பால் தொட்டியா சார் என்றேன்.
மாதவரம் பண்ணைக்கு நான் போட்ட ஜாயிண்ட்
இருபது வருஷமாய் ஒழுகவில்லை.
பால் மாதிரிதான்ப்பா,
புளிச்சாத்தான் விலை போகிற பால்
என்றார்.

விச்சூர் தாண்டி
கண்டெய்னர் யார்டுக்குப் பின்னால் நாலரை ஏக்கர்.
அவர் அப்பா காலம் வரை நெல்.
சுற்றியிருந்ததெல்லாம் கம்பெனிக்குப் போனபோது
விலை படியாமல் நின்றுவிட்ட துண்டு.
ஒரு லாரியில் தொடங்கி
நாற்பது லாரியாகி, மூன்று யார்டாகி
ஐம்பத்திரண்டு வயதில்
திராட்சை நட்டார் மனுஷன்,
ஆலைக் குழாயின் தீநாக்கு
நடுராத்திரியிலும் இலை எண்ண விடுகிற இடத்தில்.

மணலி டீக்கடையில் பெயரே வைத்துவிட்டார்கள்:
டீசல் தோட்டம்.
கலால் ஆபீசில் ஏறி இறங்கிய படிகளை
அவர் எண்ணி வைத்திருந்தார்.
எனக்குச் சொன்ன எண்ணை
நான் வெளியே சொல்வதாயில்லை.

முதல் வருஷம் உப்புக்காற்றில்
இலை ஓரமெல்லாம் பீடி நுனியாய்க் கருகியது.
காலிப் பெட்டிகளை நாலு அடுக்காகக்
கிழக்கே மதிலாய் நிறுத்தினார்.
கடல் அதில் முட்டித் திரும்பியது.
பந்தலுக்குக் கீழே மல்லாந்து படுத்தால்
கொடிச் சந்தில் ஹாம்பர்க் தெரியும்,
பூசான் தெரியும்,
துரு தெரியும்.

பீப்பாய்க்கு நிலவறை வேண்டுமாம்.
இங்கே ரெண்டடி தோண்டினால் உப்புத்தண்ணி.
கம்ப்ரஸர் செத்த குளிர்பெட்டி மூன்றை
வரிசையாய் வைத்து என்னை ஒட்டச் சொன்னார்.
ஒரு காலத்தில் இறால் ஏற்றினவை.
சோடாவும் எலுமிச்சையும் போட்டு
மூன்று வாரம் கழுவினோம்.
வாசம் போகலை என்பேன் நான்.
போயிடுச்சு என்பார் அவர்.

பிறகு அந்தக் கார்த்திகை.
கொசஸ்தலை தண்ணியோடு எண்ணெயையும் கூட்டிவந்து
நாலு நாள் தங்கவைத்துவிட்டுப் போனது.
கொடியில், கல்தூணில், அவர் வெள்ளைக் காரில்
எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில்,
யாரோ நூல் பிடித்து அடித்த மாதிரி,
கறுப்பாய் ஒரு கோடு.
எர்ணாவூரிலிருந்து நாற்பது பெண்கள் வந்தார்கள்,
பழைய சேலைத் துண்டும் சாம்பலுமாய்.
குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பாங்க,
நாம குழந்தை மேல இருந்து எடுக்கிறோம்
என்று பவுனம்மா சொன்னதுக்கு
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

யார்டில் நஷ்டம் என்றால் ஆடிட்டர் வருவார்.
அன்றைக்கு அவர்
கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்து
விரல்கணுவில் கட்டைவிரல் வைத்து எண்ணினார்.
ஆயிரத்து நூறு கொடியில்
நானூற்றுப் பதினாறு.
திரும்ப எண்ணினார்.
நானூற்றுப் பதினாறுதான்.

எட்டுத் தொட்டியில் ரெண்டு நிறைந்தது.
மிச்ச ஆறும்
தட்டினால் கோயில் மணி.

லேபிளுக்குக் கொத்தும் குலையுமாய்
நுங்கம்பாக்கத்துப் பையன் வரைந்து வந்ததை
அப்படியே சுருட்டிக் கொடுத்தனுப்பினார்.
வெள்ளைத் தாள்.
பாட்டிலுக்கு முழங்கால் என்று ஒன்று இருந்தால்
அந்த உயரத்தில்
குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.
பெயர் எங்கே சார் என்று கேட்டதற்கு
அதான் பெயர் என்றார்.

குழாய் திறந்த அன்று
நானும் ஸ்பேனரோடு நின்றேன்.
ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு
கிளாஸை ஆலைத் தீக்கு நேராகப் பிடித்தார்.
சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு
ஆடிக்கொண்டிருந்தது.
பாதி குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மீதியை என்னிடம் நீட்டினார்.

நான் விட்டுப் பதினாலு மாசம்.
அது அவருக்குத் தெரியாது.
மூக்குவரை கொண்டுபோனேன்:
மழைக்கு முந்தின மண், நாவல்கொட்டை,
எங்கேயோ அடியில், சத்தியமாய்,
இறால்.
கை நடுங்கியதை
கிளாஸ் காட்டிக்கொடுத்தது.

எப்படிப்பா இருக்கு?

ஒழுகலை சார்.

அதைக் கேட்கலை.

தெரியும் சார் என்று சொல்லி
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
வால்வை இன்னும் அரைத்திருகு இறுக்கினேன்.