ஐந்து மணி இரவு

ஆடிப் பட்டம் தேடி விதை என்றவன்
வெரிபி சவுத்தைப் பார்த்திருக்க மாட்டான்.
இங்கே ஆடி என்றால்
குழாயைத் தொட விரல் கூசும் மாதம்.

ஆயிரம் விதை, நூற்றிருபது டாலர்.
கறுப்பு ஊசி, பின்னால் வைக்கோல் நிறத்தில் வால்.
குழித்தட்டில் குழிக்கு ஒன்றாய்
சவரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.
ஒரு விதை தவறினால் பன்னிரண்டு சென்ட்.
அடியில் சூட்டுப் பாய், இருபத்திரண்டு டிகிரி.
என் படுக்கையறையில் பதினைந்துதான்.
ஐந்தாம் நாள்
தேங்காய்நார்த் தூளைத் தள்ளி
முதுகு வளைந்து எழுந்தன,
வாலை இன்னும் உதறாமல்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது மட்டும்
இங்கேயும் சரி.
ஒரு ராத்திரி கூடாரத்தின் பாலித்தீன் எழுந்துபோய்
கார்மெலாவின் ப்ரோக்கோலி மேல் படுத்துக்கொண்டது.
காலையில் அவள் கத்தியோடு நின்றிருந்தாள்.
ப்ரோக்கோலி வெட்டும் கத்திதான்.

அவள் நிலம் தந்தது பூவுக்காக அல்ல.
செண்டுமல்லி வேர்ப்புழுவுக்கு ஆகாது,
முடிந்ததும் எல்லாவற்றையும் மடக்கி உழவேண்டும்:
ஒப்பந்தத்தில் அது ஒன்றுதான் தடித்த எழுத்து.

போன வருஷம், குளிர் போகட்டும் என்று
ஆவணிக் கடைசியில் விதைத்தோம்.
இடுப்பு வரை இலை.
தீபாவளியன்று பட்டாணி அளவில் மொட்டு.
மூன்று வாரம் கழித்து வயலே மஞ்சள்,
கேட்க ஆளில்லை.
செடிக்குப் பண்டிகை தெரியாது, பகலின் நீளம்தான் தெரியும்.
ஐப்பசியை நோக்கி இங்கே பகல் நீள்கிறது.
நேரமிருக்கிறதே என்று அது மொட்டுக் கட்டாது.

அதனால் இந்த வருஷம் பொய் சொன்னோம்.
புரட்டாசி பிறந்ததிலிருந்து தினம் ஐந்து மணிக்கு
கறுப்பு விரிப்பை இழுத்து மூடினோம்.
வெளியே கடற்புறாக்கள் மேயும் வெயில்
உள்ளே நள்ளிரவு.
காலை எட்டுக்குத் திறப்பு.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை.
ட்ருகனீனா கிடங்கில் விடியும்வரை பெட்டிகளை ஸ்கேன் செய்து
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டி
இரவு என்று நம்பிப் படுப்பவள் நான்.
விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.
அவற்றுக்கு விடியும், எனக்கு இருட்டும்.

நட்ட இருபதாம் நாள் நடுநுனி கிள்ளினேன்,
ஆயிரத்துக்குப் பதினேழு குறைவு.
கட்டைவிரல் நகம் ஒரு மாதம் பச்சையாகவே கிடந்தது.

பிறகு கொரெல்லாக் கிளிகள்.
தின்னவில்லை.
மொட்டைக் கொய்து, திருப்பிப் பார்த்து, கீழே போட்டன
புடவைக் கடையில் என் நாத்தனார் மாதிரி.
இரண்டு பாத்தி போயிற்று.

தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால்
முதல் பூ.
அப்புறம் எண்ண முடியவில்லை.

பனி காய்ந்தபின், தலையை மட்டும் திருகிப் பறித்தோம்.
கார்மெலா வரப்பில் வந்து நின்றாள்.
தண்டில்லாமல் எந்த ஜாடியில் வைப்பார்கள்?
ஜாடியில் இல்லை, கிலோவில் என்றேன்.
பூவைக் கிலோவிலா!
சிலுவை போட்டுக்கொண்டாள்.

டார்னீட் கடையில் கஜரூபன்
தராசைப் பார்க்காமலே சொன்னார்:
"பதினாறு எண்டால் எடுக்கிறன்.
பிளாஸ்டிக் மாலை பத்து டொலர்.
வாற வருசமும் அப்பிடியே கிடக்கும்."
"கிடக்கும், அதுதான் அதில் வியாதி"
என்றார் சவரிமுத்து.
பதினெட்டில் முடிந்தது, நூற்று அறுபது கிலோ.

இடையில் கல்லறைத் திருநாள்.
மனைவிக்கென்று ஒரு வாளி எடுத்துக்கொண்டார் அவர்.
கார்மெலா தன் புருஷனுக்கு ஆறு பூ,
நீளமாகத் தண்டோடு வெட்டிக்கொண்டாள்.
ஒரே காரில் போனார்கள்.
சம்பாஷணை என்ன என்று நான் கேட்கவில்லை.

மின்சாரம், வாடகை, விதை, பெட்டி போக
ஆளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.

மார்கழி, முப்பத்தெட்டு டிகிரி.
டிராக்டர் இரண்டு சுற்றுதான் போயிருக்கும்,
மிச்சப் பூவெல்லாம் மண்ணுக்குள்.
புழுக்களுக்கு நல்வரவு என்றாள் கார்மெலா.

விரிப்பை உதறி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து
ஜன்னலில் ஆணியடித்தேன்.
அலுமினியத் தாளைவிட நன்றாக மறைக்கிறது.
அன்றைக்கு மூன்று மணி வரை எழவில்லை.