பதினாலாம் பாகம்

சனி பின்னேரம் ஆறரைக்கு
லா கூர்நேவில், துணிக்கடைக்கு மேல்மாடியில்,
முட்டைத் தட்டு ஒட்டிய அறைக்குள்
நான் பூரணம்.
மற்ற நாளில்
ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிறவள்.

பதினாலாம் பாகத்தில் பூரணம் புருஷனிடம் சொன்னாள்:
“மூண்டு காணும். நாளைக்கு டொக்டரிட்டப் போறன்.”
அவன் கதவை அடிக்கிற சத்தத்துக்கு
அலுமாரியை அடித்தோம்.
பிறகு நகைக்கடை விளம்பரம்.

திங்கள், டிராமில்,
தங்கச்சியோடு வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தேன்.
எதிர்ச் சீட்டில் ஒருத்தி நிமிர்ந்தாள்.
மடியில் ஒன்று, வண்டிலில் ஒன்று.
“குரல் தெரியுது. பூரணம்தானே?
டொக்டர் என்ன சொன்னவர்?
வளையம் வைக்கேக்க நோகுமோ?”

எனக்குத் தெரியாது.
எழுதித் தந்ததை வாசித்தேன்.
பிள்ளை பெற்றதுமில்லை.
“வாற சனி வரும்” என்றேன்.

“சனி மட்டும்
அந்தாள் சும்மா இராது.”
அவள் சிரிக்கவில்லை.
“எனக்கு பிரெஞ்சும் வராது.
வீட்டில அவருக்குத்தான் வரும்.”

ஆஸ்பத்திரித் தரிப்பு.
ஒன்பதுக்கு எனக்கு வேலை.
வண்டிலின் முன்சில்லைத் தூக்கினேன்;
ஒரு சில்லு ஆடியது.

மேசைக்கு அந்தப் பக்கம் பெயர் கேட்டார்கள்.
நான் திரும்பி
அவளைத் தமிழில் கேட்டேன்.