முப்பத்தைந்து பாகை

அறிவியல் நகரில் காற்று செத்த பங்குனிப் பகல்.
நுணுக்குக்காட்டியின் கீழே
ஈரப் பஞ்சில் மிதக்கும் அவரையிலைத் துண்டு,
ஐந்து ரூபாக் குற்றியளவு தீவு.
கரையெங்கும் தண்ணீர்.
ஆறு மணிக்கொருமுறை நான் அங்கே போய்வருகிறேன்.

தீவில் ஒரு முட்டை, நீளமாய், ஊடே வெளிச்சம் தெரிய.
அதைச் சுற்றி
சிவப்புச் சிற்றுண்ணியின் உருண்டை முட்டைகள் இருபது.
மூன்றே மயிர் விட்ட தூரிகையால்
ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்தேன்.
ஒன்று பிறக்கப்போகிறது.
இருபதும் அதன் சோறு.

கொப்பியில் நிரல் இழுத்திருக்கிறேன்.
இருபது பாகையில் அது சோம்பேறி,
ஆறு காலோடு வெளியே வரவே மூன்று நாள்,
எட்டுக் காலாகி, முதிர்ந்து, முட்டையிடப் பத்து.
இருபத்தைந்தில் ஆறு நாள்.
முப்பதில் நாலரை. அவசரக்காரி,
நடந்தபடி தின்று, தின்றபடி வளர்ந்து
பழைய தோலை இலைநரம்போரம் விட்டுவிட்டுத்
திரும்பியும் பாராமல் போகிறாள்.
முப்பத்தைந்தில்
முட்டை முட்டையாகவே சுருங்கும்.
அந்த நிரலில் நான் போடுவது சிறு கோடு.
எண் இல்லை.

வெப்பம் ஒரு பாதி. மறுபாதி இரை.
பன்னிரண்டாம் தீவுக்கு
நாளுக்கு இரண்டு முட்டைதான் கணக்கு.
அங்கிருக்கும் இரைகௌவி
மூன்றாம் பருவத்திலேயே நின்றுவிட்டது.
சாகவில்லை. வளரவுமில்லை.
கரையோரம் சுற்றிச் சுற்றி நடக்கிறது.

விசுவமடுவிலிருந்து விதுரன் வந்தான்,
சொப்பின் பை நிறையச் சுருண்ட மிளகாயிலை.
"உன்ர பிள்ளையளின்ர சாப்பாடு.
முக்கால் ஏக்கரும் போச்சு.
எத்தினை நாளிலை அனுப்புவாய்?"
"வெக்கையைப் பொறுத்தது.
தின்னக் கிடைக்கிறதைப் பொறுத்தது."
"படிச்ச ஆக்கள் எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்லுவியள்."

குனிந்து பார்க்கவேண்டிய கருவி.
அவன் ஸ்டூலை உயர்த்தினான்.
என் தம்பி எனக்குத் தோள்வரைதான்.
அம்மாவின் தகரப் பெட்டியில்
அவனுடைய கிளினிக் அட்டை இருக்கிறது.
மாதம் மாதம் ஏறிய கோடு
அந்த வருஷம் தையில் நிற்கிறது.
ஆனிவரை ஒரு புள்ளியும் இல்லை,
நிறுக்கத் தராசில்லை, தராசு தூக்க மரமில்லை.
பிறகு தொடங்கும் கோடு
பச்சைப் பட்டியை எட்டவே இல்லை.

"இது ஏன் சின்னன்?"
"குறைச்சு வைச்சனான்."
"வேணுமெண்டோ?"
"ஓம். ஆராய்ச்சிக்கு."
கண்ணை எடுக்காமல் கனநேரம் பார்த்தான்.
"நடை குறையேல்லை," என்றான்.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
அடைகாப்புப் பெட்டியில் முள் எழும்பியது.
இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டு.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையென்றார் காவலாளி.
விதுரன் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு போனவன்
முறிகண்டிக் கடையொன்றில் ஐஸ் வாங்கி
உரப்பையில் சுற்றி, மடியில் தண்ணீர் ஒழுக வந்தான்.
தட்டுகளுக்கிடையே கட்டிகளை அடுக்கினோம்.
முள் இறங்கியது, ஆனால் பிந்தி.

இனி இந்தக் கிழமைக் கணக்கு செல்லாது.
எல்லா வரிசையும் வெட்டினேன், ஸ்கேல் வைத்து, நேராய்.
பன்னிரண்டாவதையும்தான்.
வெட்டிய வரிசைக்கு விதி ஏது?
அவன் கொண்டுவந்த இலையைப் புரட்டி
பத்தொன்பது முட்டை பொறுக்கி
அந்தத் தீவில் விட்டேன்.

விடிய ஆறு மணி.
பதினொன்று மிச்சம்.
நரம்போரம் ஒரு வெறுந்தோல்,
மூச்சுவிட்டால் பறக்கும்.
அதற்கப்பால் கொஞ்சம் பெரிதாய், பழுப்பேறி, அது.
எழுத நிரல் இல்லை.

விதுரனுக்கு அழைத்தேன்.
வெயிலுக்குமுன் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது.
"மற்றக் கிழமை தரலாம்.
ஆனா அங்கை மத்தியானம் முப்பத்தாறு போகும்.
உன்ர தோட்டத்திலை நிழல் இருக்கோ?"
மெஷினை நிற்பாட்டினான்.
"இலைக்குக் கீழை இருக்கு."